ஏ.சி. மெக்கானிக் வீட்டு லேப்டாப்

அன்று காலை ஏ.சி. மெக்கானிக் தன் பைக்குள் தலையை விட்டுத் தேடிக்கொண்டிருந்தார். ஸ்பேனர், திருப்புளி, டேப் சுருள், எந்த மிஷினுக்கு என்று அவருக்கே மறந்துபோன திருகாணிகள் எல்லாம் தரைக்கு வந்துவிட்டன. தேடிய பொருள் மட்டும் வரவில்லை.

"என்னங்க, அந்தப் பையை நீங்க உலுக்குற உலுக்கல்ல எனக்கு ஏழாம் வகுப்பே கலைஞ்சு போகுது," என்றாள் மனைவி. மேஜையில் உட்கார்ந்திருந்தாள். கண் லேப்டாப்பை விட்டு நகரவில்லை.

"ரப்பர் கட்டை ரெண்டு வச்சிருந்தேன். நல்ல கட்டை. காணோம்."

"காலா முளைச்சிருக்கு அதுக்கு?"

"வெளி யூனிட்டு காலுக்கு அடியில வைக்கிறது."

"அப்ப ஏதாவது காலுக்கு அடியிலதான் இருக்கும். கிளம்புங்க, நேரமாச்சு. டைம்டேபிளுக்கு எல்லா கண்டிஷனும் போட்டு முடிச்சாச்சு. சாயங்காலம் ஓட விட்டா இந்த வருஷத்துக்கு என் தலைவலி தீர்ந்துது."

"ம்," என்றார் மெக்கானிக்.

அத்தனை வருஷக் குடும்பத்துக்கு அந்த "ம்"தான் முடிவுரை. மத்தியானம் பக்கத்து வீட்டிலிருந்து போன் வந்தது. யார் வீட்டு மாடியிலோ ஏணியில் நின்றிருந்தவர் இறங்கி ஓடினார். அவர் போய்ச் சேர்வதற்குள் அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள். இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் மிஷின் நின்றதாகச் சொல்லும் வாடிக்கையாளர்களை மெக்கானிக் ஒருநாளும் நம்பியதில்லை. "ஏதாவது சத்தம் குடுத்திருக்கும், நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க," என்பார். டாக்டரிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை.

துக்கத்துக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நாற்காலி போட இடம் வேண்டும் என்று மேஜையை ஓரமாகத் தள்ளினார்கள். லேப்டாப்பை மெக்கானிக்கே எடுத்தார். பின்பக்கம் அதைத் தாங்கிக்கொண்டு, கறுப்பாக, சமர்த்தாக, இரண்டு ரப்பர் கட்டைகள் உட்கார்ந்திருந்தன.

"அட, இங்கதான் இருக்கா!" என்றார் மெக்கானிக்.

குரலில் சந்தோஷம் இருந்தது. அதை மறைக்கவும் முடியாது. கூடம் முழுக்க ஆட்கள். செய்தி கேட்டதிலிருந்து வாயே திறக்காத மனுஷன் முதன்முதலாகச் சொன்ன சொல் அது. ஒரு பெண்மணி விசும்பினாள். இன்னொருத்தி, "பாவம், அந்தம்மா இன்னும் இங்கதான் இருக்காங்கன்னு நினைச்சுக்கிட்டார்," என்றாள். அவர் என்ன நினைத்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். கட்டைகளைத் துடைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மனைவி ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தாள்; ஆசிரியை இல்லை. ஆனால் அந்தப் பள்ளிக்கூடத்து ஆசிரியர்கள் தலைமையாசிரியைக்குப் பயந்ததைவிட அவளுக்குத்தான் அதிகம் பயந்தார்கள். கால அட்டவணை போடுகிறவள் அவள். யாருக்கு எந்த வகுப்பு, எந்த பீரியட், யாருக்கு எப்போது ஓய்வு, எல்லாம் அவள் கையில். ஒவ்வொரு வருஷமும் பள்ளி திறக்கும் முன் ஆசிரியர்கள் ஒவ்வொருவராகப் போன் செய்து குசலம் விசாரிப்பார்கள். இவளும் குசலத்தைக் கேட்டுக்கொண்டு, அதன் வாலில் தொங்கும் கோரிக்கையையும் கேட்டுக்கொள்வாள்.

பழக்க தோஷம் லேசில் போகுமா? துக்கம் விசாரிக்க வந்தவர்கள் கையோடு கோரிக்கையையும் கொண்டு வந்தார்கள்.

"அக்கா மாதிரி ஒருத்தரைப் பாக்க முடியாது சார்," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார் ஓவிய ஆசிரியர். "என் முட்டி வலி அவங்களுக்குத்தான் தெரியும். மாடி வகுப்பும் கீழ் வகுப்பும் அடுத்தடுத்து வராம பாத்துக்கறேன்னாங்க. போட்டுட்டாங்களா, உங்ககிட்ட ஏதாவது..."

கைக்குழந்தையோடு வந்த அறிவியல் ஆசிரியை பாவம், கேட்கவே கூச்சப்பட்டாள். "இன்டர்வலுக்கு அடுத்த பீரியட் எனக்கு ஃப்ரீயா விடறேன்னு சொன்னாங்க. பக்கத்துலதான் வீடு, ஓடிப் போய்ப் பால் குடுத்துட்டு வந்துடுவேன். இப்ப இதைப் பேசறதுக்கு மன்னிச்சுக்கங்க சார்."

மெக்கானிக் எல்லாருக்கும் தலையாட்டினார். எதற்குத் தலையாட்டுகிறோம் என்று தெரியாமல் ஆட்டினார் என்பதே உண்மை.

கடைசியாகத் தலைமையாசிரியை வந்தார். "பள்ளி திறக்கப் போகுது. ஆனா அதைப் பத்தி நீங்க கவலைப்படக் கூடாது. உதவித் தலைமையாசிரியர் போன வருஷத்து அட்டவணையையே கையால திருத்திப் போட்டுடறேங்கறார்."

"முட்டி வலி?" என்றார் மெக்கானிக்.

"எனக்கா?"

"ஓவிய சாருக்கு. அப்புறம் அந்தக் கைக்குழந்தை."

தலைமையாசிரியை பெருமூச்சு விட்டார். "கையால போட்டா அதெல்லாம் பாக்க முடியாது சார். மோதல் இல்லாம வந்தாலே பெரிசு."

"அவ எல்லாத்தையும் உள்ள போட்டு முடிச்சுட்டா மேடம். பட்டனை அழுத்த வேண்டியதுதான் பாக்கி. நான் குடுக்கறேன்."

எத்தனையோ மிஷின்களுக்கு உயிர் கொடுத்த கை. ஒரு பட்டனை அழுத்தாதா?

அழுத்தியது. மனைவியின் நிபந்தனைகளையெல்லாம் விழுங்கிக்கொண்டு புரோகிராம் ஓடத் தொடங்கியது. சீட்டுக்கட்டைக் கலைப்பதுபோல ஆசிரியர்களையும் வகுப்புகளையும் கலைத்துக் கலைத்து அடுக்கிப் பார்க்கும்; யாரும் யாரோடும் மோதாத ஓர் அடுக்கு கிடைக்கும்வரை நிறுத்தாது. அதற்கு அரை நாள் பிடிக்கும். திரையின் அடியில் ஒரு பச்சைக் கோடு நூறு சதவீதத்தைப் பார்த்து ஊர்ந்தது. மெக்கானிக் எதிரில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். கோடு பாதி தூரம் போவதற்குள் பொட்டென்று திரை கறுத்தது. கறுப்பில் அவர் முகம் தெரிந்தது. அது பார்க்கும்படியாக இல்லை.

மறுபடி போட்டார். ஓடியது, நின்றது. மறுபடி. நின்றது. நின்ற இடத்திலிருந்து தொடரவும் செய்யாது. ஒவ்வொரு முறையும் பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்கும். வழுக்குமரம் ஏறுகிறவனுக்காவது பாதி வழியில் கட்டிப்பிடிக்க மரம் இருக்கும்.

துக்கத்துக்கு வந்துவிட்டுப் போயிருந்த மனைவியின் தம்பி மறுநாள் மறுபடி வந்தான். அவனுக்குத் தெரியாத தொழில் உலகத்தில் இல்லை. செய்த தொழில்தான் எதுவும் இல்லை. வந்ததும் லேப்டாப்பை எட்ட நின்று பார்த்து, "வைரஸ், மாமா," என்றான்.

"போடா. கரண்ட் பிரச்சினை."

"வேற லேப்டாப்புல போட்டு ஓட்டலாமே?"

"அந்த புரோகிராமை வித்த கம்பெனி எப்பவோ கடையைக் கட்டிட்டான். இந்த ஒரு டப்பாவுலதான் அது திறக்கும்."

கரண்ட் பிரச்சினை என்று தீர்மானித்தபின் மெக்கானிக் சும்மா இருக்கவில்லை. சார்ஜரைப் பிரித்துச் சேர்த்தார். சுவரில் இருந்த பிளக் பாயின்ட்டை மாற்றினார். அதற்குப் போகும் வயரை மாற்றினார். மெயின் சுவிட்சைத் திறந்து திருகாணிகளை இறுக்கினார். எதற்கும் அது அசையாமல் போகவே, ஷெட்டிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரைத் தூக்கி வந்தார். பெரிய ஏ.சி.க்குப் போடுவது; ஓர் ஆளால் தூக்குவது சிரமம். அதில் லேப்டாப்பின் ஒல்லி வயரைச் சொருகினார். யானையைக் கட்டும் சங்கிலியில் எலியைக் கட்டிய மாதிரி இருந்தது.

மச்சான் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு பார்த்தான். "மாமா, கேஸ் ஏத்திப் பாக்கலயா?"

"வாயை மூடு."

"இல்ல, எல்லாம் செஞ்சிட்டீங்க. அது ஒண்ணுதான் பாக்கி."

கோடு இந்த முறை இன்னும் முன்னதாகவே நின்றது.

மெக்கானிக் தோல்வியை ஒப்புக்கொண்டு லேப்டாப் ரிப்பேர் கடைக்குப் போனார். கடைக்காரர் ஆன் செய்து பார்த்தார். சும்மா வைத்திருந்தால் அது நிற்பதில்லை. நல்ல பிள்ளையாக எரிந்துகொண்டிருந்தது. "ஃபார்மட் பண்ணிடலாம் சார், புதுசு மாதிரி ஆயிடும்," என்றார் கடைக்காரர். "உள்ள இருக்கறது எல்லாம் போயிடும். பரவாயில்லதானே?"

மெக்கானிக் அவர் கையிலிருந்து லேப்டாப்பைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டார். வெளியே வந்தபின்தான் சார்ஜரை விட்டுவிட்டது ஞாபகம் வந்தது. திரும்பப் போய், கடைக்காரர் முகத்தைப் பார்க்காமல் அதையும் வாங்கிக்கொண்டார்.

இந்த இடத்தில் மெக்கானிக்கைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஏ.சி. நின்றுபோன வீட்டுக்குப் போனால் அவர் முதலில் செய்வது பிரசங்கம். "மிஷினுக்கும் மூச்சு விடணும்மா. வெளி யூனிட்டைச் சுத்தி பொட்டி, தொட்டி எல்லாம் அடுக்கி வச்சா எப்படி? சூடு தாங்காம அது தானா நின்னுக்கும். அது ரிப்பேர் இல்ல, அது புத்திசாலித்தனம். உயிரைக் காப்பாத்திக்குது." போனிலும் இதே பிரசங்கம்தான். காலையில் வீட்டுக் கூடத்தில் நடந்துகொண்டே, ஒரு வாடிக்கையாளர் விடாமல் ஓதுவார்.

ஊருக்கு உபதேசம் செய்த அந்த மனுஷன் வீட்டில் என்ன செய்திருந்தார்? மனைவி தொட்ட பொருள், இனி ஒரு கீறல் விழக் கூடாது என்று மேஜைமேல் மெத்துமெத்தென்று போர்வையை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் லேப்டாப்பை வைத்திருந்தார். தூசி விழக் கூடாது என்று பக்கத்து ஜன்னலைச் சாத்தி, திரையும் இழுத்துவிட்டிருந்தார். அந்த வீட்டில் ஏ.சி. கிடையாது. மெக்கானிக் வீட்டில் ஏ.சி. இருந்தால் அவர் மெக்கானிக்கே இல்லை.

பள்ளி திறக்கும் நாள் கிட்ட வந்துவிட்டது. தலைமையாசிரியை ஒருமுறை போன் செய்து, "முடியலைன்னா சொல்லிடுங்க சார், நாங்க தப்பா நினைக்க மாட்டோம்," என்றார். இதமாகத்தான் சொன்னார். உதவித் தலைமையாசிரியர் பென்சிலைச் சீவி வைத்துக்கொண்டு பக்கத்திலேயே நிற்பதுபோல மெக்கானிக்குக்குத் தோன்றியது. கையால் போட்டால் ஓவிய ஆசிரியர் நொண்டிக்கொண்டு மாடி ஏறுவார். குழந்தை வீட்டில் பாலுக்கு அழும். அவள் கடைசியாகச் செய்த வேலை யார் கண்ணிலும் படாமல் அந்தக் கறுப்புத் திரைக்குப் பின்னாலேயே கிடக்கும்.

"இன்னும் ஒரு நாள் மேடம்," என்றார். ஒரு நாளில் என்ன செய்யப் போகிறோம் என்பது அவருக்குத் தெரியாது.

அன்று மறுபடி ஓட விட்டார்கள். கோடு பாதியை நெருங்கும்போது மச்சான், "இங்க லைட்டு திரையில அடிக்குது, அந்தப் பக்கம் வச்சுப் பாக்கலாம்," என்று எழுந்தான். இரண்டு கையையும் லேப்டாப்புக்கு அடியில் கொடுத்துத் தூக்கினான்.

"அய்யோ!" என்று அலறி, உட்கார்ந்து மடியில் போட்டுக்கொண்டான். மடியும் சுட்டிருக்க வேண்டும், மறுபடி அலறினான். மெக்கானிக் பாய்ந்து வாங்கினார். வாங்கிய வேகத்தில் அவர் கையும் பொரிந்தது.

"இஸ்திரிப் பெட்டி மாதிரி கொதிக்குது மாமா! நீங்க ஒரு தடவைகூடத் தொட்டுப் பாக்கலயா?"

பார்க்கவில்லை. எந்த மிஷினைக் கண்டாலும் முதலில் புறங்கையை வைத்துச் சூடு பார்க்கிறவர் அவர். இதை மட்டும் இரண்டு ஓரத்திலும் விரல் நுனியால் பிடித்துத் தூக்கி, விரல் நுனியால் இறக்கி வைத்தார். புறங்கை வைக்கத் தோன்றவில்லை. இது அவளுடையது, மிஷின் என்றே அவர் நினைக்கவில்லை போலிருக்கிறது.

மச்சான் விரலை ஊதிக்கொண்டே இருந்தவன் திடீரென்று நிறுத்தினான். "மாமா. அக்கா இதுக்கு அடியில ஏதோ வச்சிருந்தாளே? முன்ன ஒரு தடவை வந்தப்ப சொன்னா. சிரிப்பு காட்டத்தான் சொல்றான்னு நினைச்சேன்."

"என்ன சொன்னா?"

"'சூடாயிச் சூடாயி நின்னுட்டே இருந்துச்சுடா. உங்க மாமா சொத்துல ரெண்டைத் திருடி அடியில குடுத்தேன். இப்ப நிக்கிறதே இல்ல'ன்னா. மாமாகிட்ட கேட்டு வாங்க வேண்டியதுதானேன்னேன். 'கேட்டா பிரசங்கம் பண்ணுவாரு. அதான் தினமும் போன்ல கேக்கறேனே, எனக்கே மனப்பாடம். ஊருக்கெல்லாம் கட்டை வைக்கிறவரு, வீட்டுக்கு ரெண்டு வைக்கட்டும்'னா."

மெக்கானிக் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதுவரை நின்றுகொண்டுதான் இருந்தார். பின்னால் நாற்காலி இருந்தது அதிர்ஷ்டம். எத்தனையோ வீடுகளில் அந்தப் பிரசங்கத்தைச் செய்திருக்கிறார். தலையாட்டியவர்கள் அவர் தெருமுனை தாண்டுவதற்குள் தொட்டியை மறுபடி அதே இடத்தில் வைப்பார்கள். அதைக் கேட்டு நடந்த ஒரே ஆள் அவர் வீட்டிலேயே இருந்திருக்கிறாள். கேட்டதாகக் காட்டிக்கொள்ளாமல்.

"அந்தக் கட்டை எங்க மாமா? அன்னிக்குக் கூட்டத்துல ஏதோ எடுத்துப் பாக்கெட்ல போட்டீங்களே?"

"ஒரு வீட்டு மாடியில வெளி யூனிட்டு காலுக்குக் குடுத்துட்டேன்."

மச்சான் அவரை ஏற இறங்கப் பார்த்தான். "ரெண்டு தீப்பெட்டி வச்சா போதாதா?" என்றான்.

போதும்தான். மெக்கானிக்குக்குத் தெரியாதா? வேறு எதையும் வைக்க மனம் வரவில்லை என்று சொன்னால் சினிமா மாதிரி இருக்கும். அதனால், "தீப்பெட்டி நசுங்கிடும்டா," என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வீட்டு அம்மாள் கதவைத் திறந்தாள். "வாங்க. நாங்க ரிப்பேருக்குக் கூப்பிடலயே?"

"ஃப்ரீ சர்வீஸ்மா."

"ஃப்ரீயா? நீங்களா?" அவள் சந்தேகத்தோடு வழிவிட்டாள். இலவசம் என்று சொல்லிவிட்டதால் உண்மையிலேயே சர்வீஸ் செய்ய வேண்டியதாயிற்று. ஃபில்டரைக் கழுவினார். வெளி யூனிட்டைத் தண்ணீர் அடித்துச் சுத்தம் செய்தார். கடைசியில் அதைச் சற்றுத் தூக்கிப் பிடித்து, அடியிலிருந்த பழைய கட்டைகளை உருவிவிட்டுப் புதுசு வைத்தார்.

"நல்லாத்தானே இருந்துது, ஏன் மாத்தறீங்க?" என்றாள் அவள் மாடிப்படியில் நின்றுகொண்டு.

"பழசும்மா."

"பழசைத் தூக்கிப் போடாம ஏன் துடைச்சுப் பைக்குள்ள வைக்கறீங்க?"

மெக்கானிக் தொழில் ரகசியம் என்பதுபோல ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு இறங்கினார். இறங்கும்போது பிரசங்கம் நாக்கு நுனிவரை வந்தது. அடக்கிக்கொண்டார்.

போர்வையை எடுத்தார்கள். ஜன்னலைத் திறந்தார்கள். பின்பக்கம் இரண்டு கட்டைகளைக் கொடுத்து லேப்டாப்பை வைத்தபோது அது கொஞ்சம் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தது. மெக்கானிக் பட்டனை அழுத்தினார்.

கோடு ஊர்ந்தது. வழக்கமாக நிற்கும் இடம் நெருங்கியதும் இருவரும் பேச்சை நிறுத்திக்கொண்டார்கள். மச்சான் மேஜையில் கிடந்த ஓர் அட்டையை எடுத்து மெதுவாக விசிறத் தொடங்கினான். வேண்டாம் என்று சொல்ல நினைத்த மெக்கானிக் இன்னொரு அட்டையை எடுத்தார். ஊரையெல்லாம் குளிர வைக்கிற ஆளும், எல்லாத் தொழிலும் தெரிந்த ஆளும் எதிரும் புதிருமாக உட்கார்ந்து ஒரு லேப்டாப்புக்கு விசிறி வீசினார்கள். அதற்குள்ளேயே ஒரு விசிறி இருந்து தன்பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தாண்டிடுச்சு மாமா."

"பேசாம வீசு."

மெக்கானிக் இடையிடையே புறங்கையை அடியில் வைத்துப் பார்த்தார். சூடு இருந்தது. காய்ச்சல்காரன் நெற்றிச் சூடு இல்லை. வேலை செய்கிறவன் உடம்புச் சூடு. அந்த வித்தியாசம் அவருக்குத் தெரியும். ஜன்னல் வழியாக வெயில் உள்ளே வந்து, மேஜைக் காலைத் தொட்டு, சுவரில் ஏறியது. கோடு மறு ஓரத்தைத் தொட்டது. திரை கறுக்கவில்லை. கட்டம் கட்டமாக, வண்ண வண்ணமாக ஒரு முழுப் பள்ளிக்கூடம் வந்து நின்றது.

மச்சான் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான். கழுவ நெடுநேரம் ஆயிற்று. அவன் திரும்பி வருவதற்குள் அவரும் சட்டைக் கையில் முகத்தைத் துடைத்திருந்தார்.

மனைவியின் பழைய பிரிண்டரில் அச்சடித்த தாள்களை அவரே பள்ளிக்கு எடுத்துப் போனார். தலைமையாசிரியை மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரலை ஓட்டினார். "ஓவிய சாருக்குக் கீழ் வகுப்பெல்லாம் ஒரு வரிசை, மாடி வகுப்பெல்லாம் ஒரு வரிசை. இன்டர்வலுக்கு அடுத்து..." விரல் ஒரு வெற்றுக் கட்டத்தில் நின்றது. "இதோ, ஃப்ரீ. எல்லா நாளும் விட்டிருக்காங்க." விரலை அங்கிருந்து எடுக்காமலே கண்ணாடியைக் கழற்றினார்.

மெக்கானிக் தாளின் ஓரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே கோணலாக இருந்தது. "பிரிண்டு சாய்ஞ்சு விழுந்துடுச்சு மேடம். கடைசி பீரியட் எல்லாம் பாதிதான் வந்திருக்கு. நான் தாளைச் சரியா வைக்கல போல. திரும்ப அடிச்சுட்டு வந்துடறேன்."

"வேணாம் சார். அவங்க அடிச்சாலும் எப்பவும் இப்படித்தான்." தலைமையாசிரியை எழுந்து போய்ப் பலகையில் குண்டூசி குத்தினார். "கடைசி பீரியட் என்னன்னு எங்க ஸ்கூல்ல யாரும் படிச்சுத் தெரிஞ்சுக்கறதில்ல. பாதி எழுத்தை வச்சு ஊகிச்சுப்பாங்க."

பக்கத்தில் போன வருஷத்து அட்டவணை இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அதிலும் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தது.